மடியில் தொடங்கும் பாஷை

‘குழந்தை பேச ஆரம்பித்துவிட்டதா?’ என்று உற்றார் உறவினர் கேட்கும்போது, ஒரு சொல்லாவது திருத்தமாக வாயில் வந்த நாளையே கணக்கில் வைத்துக்கொண்டு நாம் விடை சொல்லுகிறோம். அந்த நாள் பெரும்பாலும் ஆண்டு நிறைவை ஒட்டி வருகிறபடியால், அதற்கு முந்திய மாதங்கள் யாவும் பாலுக்கும் உறக்கத்துக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் தடுப்பூசிக்கும் உரியவை, பாஷைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்கிற அபிப்பிராயம் படித்தவர்களிடத்திலும் பாமரர்களிடத்திலும் ஒன்றுபோலவே நிலைத்துவிட்டது. வாஸ்தவமோ அதற்கு நேர்மாறாக இருக்கிறது. கர்ப்பத்தில் ஆறு மாதம் கடந்த சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்குகிறது. பிரசவமாகும்போதே தாயின் குரலும், தாய் பேசும் மொழியின் ஏற்ற இறக்கமும் அதற்குப் பழக்கமாகியிருக்கின்றன. அமெரிக்காவில் அந்தோணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்னும் இருவர் 1980-இல் வெளியிட்ட பரிசோதனையில், பிறந்து மூன்று நாள்கூட நிறையாத குழந்தைகள், ரப்பர் காம்பைச் சப்பும் முறையை மாற்றினால் தாயின் குரல் கேட்கும் என்பதைக் கண்டுகொண்டு, வேற்றுப் பெண்ணின் குரலை விட்டுத் தாயின் குரலையே வரவழைத்துக்கொண்டன. பேசத் தெரியாத சிசு என்று நாம் எண்ணுகிற அந்த ஜீவன் தொட்டிலுக்கு வருமுன்பே கேட்கக் கற்றுக்கொண்டுதான் வருகிறது.

இத்தகைய ஆராய்ச்சிகளைப் பற்றிப் பின்னர் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன், நம்முடைய வீடுகளில் சர்வசாதாரணமாக நடந்துவந்த, இப்போது சில வீடுகளில் மாத்திரம் நடக்கிற ஒரு விளையாட்டைச் சற்று நெருங்கிப் பார்த்துவிட்டு மேலே செல்லலாம். பருப்புக் கடைதல் என்று அதற்குப் பெயர். ஊருக்கு ஊர் அதன் பாட்டு மாறும். செய்கை பெரும்பாலும் மாறுவதில்லை. பாட்டி, குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு, அதன் உள்ளங்கையை விரித்து, தன் முழங்கையை மத்தாக அதில் ஊன்றிப் பாடிக்கொண்டே கடைகிறாள். கடைந்த பருப்பை விரல் விரலாக மடக்கி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அக்காளுக்குமாகப் பங்கிட்டு, கடைசிப் பங்கைப் பாப்பாவின் வாயில் ஊட்டுகிறாள். கையைக் கழுவித் துடைத்துவிடுவதும் உண்டு. அதன் பிறகு பாட்டியின் இரண்டு விரல்கள் நண்டாக மாறி, குழந்தையின் மணிக்கட்டிலிருந்து மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து, முழங்கை மடிப்பில் சற்றே நின்று, குரலும் அங்கே தாழ்ந்து நின்று, பிறகு ஒரே பாய்ச்சலாக அக்குளுக்குள் நுழைந்து கிச்சுக்கிச்சு மூட்டுகின்றன.

ஐந்து மாதத்துச் சிசு, நண்டு அக்குளைத் தொட்ட பிறகே சிரிக்கிறது. அதே சிசு எட்டு ஒன்பது மாதமானதும், நண்டு முழங்கையில் தயங்கி நிற்கும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு, பாட்டியின் முகத்தைப் பார்த்து, வரப்போவதை எண்ணி முன்கூட்டியே சிரித்துவிடுகிறது. இன்னும் சில மாதம் கழிந்தால், தானே தவழ்ந்து வந்து மடியில் ஏறி அமர்ந்து உள்ளங்கையை விரித்து நீட்டுகிறது. வாயில் ஒரு சொல்கூடப் பிறக்காத நிலையில், இன்னது வேண்டும் என்று இன்னாரிடம் கேட்கவும், தான் கேட்டது அவருக்கு விளங்கிவிட்டது என்று அறியவும் அந்தக் குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. பாஷைக்கு வேண்டிய அஸ்திவாரம் அங்கே அமைந்துவிட்டது. இனி வரவேண்டியவை சொற்களே.

பாட்டி நண்டை நிறுத்துகிற அந்தக் கணமே இந்த விளையாட்டின் உயிர் என்று நான் கருதுகிறேன். பாட்டின் இனிமையும் லயமும் குழந்தையின் மனத்தை இழுத்து வைக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இழுத்து வைத்த மனத்துக்கு, ‘இனி உன்னுடைய முறை’ என்று இடம் விட்டுக் காத்திருப்பதனால்தான் கேட்கிற சிசு பேசுகிற சிசுவாக மாறுகிறது. ‘ங்கா’ என்று குழந்தை ஒலித்தவுடன், ‘அப்படியா? இன்னும் சொல்லு’ என்று தாய் முகம் மலர்ந்து விடை கூறி, மறுபடியும் அது வாய் திறக்கும்வரை பொறுத்திருக்கிறாளே, அந்தப் பொறுமையைத்தான் ஆராய்ச்சியாளர்கள் உரையாடலின் முதல் வடிவம் என்கிறார்கள். முகத்தை மறைத்துத் திறக்கும் விளையாட்டை 1976-இல் ஆராய்ந்து எழுதிய ஜெரோம் புரூனரும் ஷெர்வுட்டும், தொடக்கத்தில் தாயே மறைத்துத் தாயே திறக்கிற நிலையிலிருந்து, குழந்தை படிப்படியாக அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு தானே மறைந்து தானே தோன்றும் நிலைக்கு வருவதை விவரித்திருக்கிறார்கள். இதன் மறுபக்கத்தை எட்வர்ட் ட்ரானிக் 1978-இல் காட்டினார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இன்றி வாளாவிருந்தால், சிசு முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டிப் பார்க்கிறது, பதில் வராது என்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போகிறது. சில நிமிஷ நேரத்துப் பரிசோதனை அது. ஆயினும் பேச்சுக்குப் பதில் கிடைக்காத சிசுவின் நிலைமை என்ன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் படித்ததில்லை.

தமிழ் இலக்கியம் இந்த மடி விளையாட்டுகளை அற்பமென்று தள்ளவில்லை என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனைத் தாலாட்டியும், செங்கீரை ஆடவும் சப்பாணி கொட்டவும் தளர்நடை நடக்கவும் அழைத்தும், அம்புலியைக் கூப்பிட்டுக் காட்டியும் பாடியிருக்கிறார். பிற்காலத்தில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீதும் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைமீதும் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்கள், சிசுவின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பகுத்துக்கொண்டன. பருவங்களுக்குரிய மாதங்களைக் கூறுவதில் பாட்டியல் நூல்களுக்குள் சிறு பேதங்கள் உண்டெனினும், ஐந்தாம் மாதத்தில் செங்கீரையும், ஒன்பதாம் மாதத்தில் சப்பாணியும், ஓராண்டை ஒட்டி முத்தமும் வருகையும், ஒன்றரை வயதுக்குள் அம்புலியும் வருவதாகப் பொதுவாகக் கொள்ளலாம். நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. தம் காலத்துத் தாய்மார் குழந்தைகளோடு என்ன செய்தார்கள் என்பதைப் புலவர்கள் உற்றுப் பார்த்து எழுதினார்கள், அவ்வளவே. அவர்கள் பார்த்தது சரியாகவே இருந்தது. ஆறேழு மாதத்தில் குழந்தை ‘பாபாபா’, ‘மாமாமா’ என்று அசைகளை அடுக்கி ஒலிக்கத் தொடங்கும் காலமும், கையைத் தாளகதியோடு தட்டியும் ஆட்டியும் களிக்கத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன என்று இக்காலத்து ஆராய்ச்சியும் கூறுகிறது. கையின் லயமும் நாவின் லயமும் சேர்ந்து முதிர்கிற அந்தப் பருவத்தில் சப்பாணி கொட்டுவிப்பது எத்துணைப் பொருத்தம்!

அம்புலிப் பருவத்தைப் பற்றி இன்னும் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். கிலுகிலுப்பையைச் சுட்டும் குழந்தை அதைக் கையில் எடுக்க விரும்புகிறது. எடுத்துக் கொடுத்தால் சுட்டின பிரயோஜனம் முடிந்துவிடுகிறது. நிலவை எடுத்துக் கொடுக்க முடியாது. மொட்டை மாடியிலோ வாசல் திண்ணையிலோ இடுப்பில் இருக்கிற குழந்தைக்கு நிலவைக் காட்டிச் சோறூட்டுகிற தாயும், அவள் விரல் போன திசையில் கண்ணைச் செலுத்துகிற குழந்தையும், அடையமுடியாத ஒரு பொருளைச் சேர்ந்து பார்ப்பதற்காகவே சேர்ந்து பார்க்கிறார்கள். இருவர் மனம் ஒரு பொருளில் கூடி நிற்கும் அந்த வேளையில் சொல்லப்படுகிற பெயர் குழந்தையின் மனத்தில் தங்குகிறது. மெரிடித் ரோ, சூசன் கோல்டின்-மெடோ என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 14-ஆம் மாதத்தில் சுட்டுதல் முதலான சைகைகளால் அதிகமான பொருள்களைக் குறித்த குழந்தைகள், 54-ஆம் மாதத்தில் அதிகமான சொற்களை அறிந்திருந்ததாகக் கூறுகிறது. அக்குழந்தைகளுடைய பெற்றோர்களும் அதிகமாகச் சைகை காட்டிப் பேசுகிறவர்களாக இருந்தார்கள்.

இனி ஒலிகளைப் பற்றிய விஷயம். தமிழர் அல்லாதார் எத்தனை ஆண்டு முயன்றாலும் ‘ழ’கரத்துக்குத் தடுமாறுவதையும், ‘தட்டு’ என்பதில் உள்ள தகர டகர பேதம் ஐரோப்பியர் காதுக்குப் பிடிபடாமற் போவதையும் நாம் கண்டிருக்கிறோம். பிறவியில் இந்தக் குறை எவருக்கும் இல்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் கனடாவில் வெளியிட்ட புகழ்பெற்ற பரிசோதனையில், ஆங்கிலமே கேட்டு வளரும் ஆறு முதல் எட்டு மாதத்துக் குழந்தைகள், ஹிந்தி மொழியின் தகர டகர வேறுபாட்டை எளிதில் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறமை அவர்களிடம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஹிந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடமோ அது நிலைத்து நின்றது. அதாவது, முதற் பிறந்த நாள் கொண்டாடுவதற்குள்ளாகவே, எந்த மொழியின் ஒலிகளுக்குக் காதைத் திறந்து வைப்பது, எவற்றை விட்டுவிடுவது என்று சிசு முடிவுசெய்துவிடுகிறது. பாட்டில் உயிரெழுத்து நீளுகிறது, மெய்யெழுத்து அழுத்தம் பெறுகிறது, ஒரே ஒலி மீண்டும் மீண்டும் வருகிறது. குழந்தையின் காது தேடுவது இத்தகைய பேச்சையே. குரலை உயர்த்தி, இழுத்து, மழலை கலந்து தாய்மார் பேசுவதைப் பரிகசிக்கிறவர்கள், நான்கு மாதத்துச் சிசுவே சாதாரணப் பேச்சைக் காட்டிலும் அந்தக் கொஞ்சல் பேச்சை விரும்பிக் கேட்கிறது என்று ஆன் ஃபெர்னால்ட் 1985-இல் நிறுவியதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாலாட்டின் அமைப்பில் மற்றொரு நுட்பம் இருக்கிறது. அழுகிற குழந்தையைப் பார்த்து உன்னை அடித்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு, மாமன், அத்தை, பாட்டி, சித்தி என ஒவ்வோர் உறவாக முறைவைத்துச் சொல்லிப்போகும் தாலாட்டுகள் தமிழ்நாட்டில் எங்கும் வழங்குகின்றன. நா. வானமாமலையும் செ. அன்னகாமுவும் கி. வா. ஜகந்நாதனும் தேடித் தொகுத்த நாட்டுப்பாடல்களில் இவற்றின் உருவங்கள் பலவற்றைக் காணலாம். வாக்கியம் அப்படியே நிற்கிறது. ஒரு சொல் மாத்திரம் மாறுகிறது. இடைவெளி இல்லாமல் ஓடிவருகிற பேச்சில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அறிவதே சிசுவின் முன்னால் உள்ள முதற் பெரும் பிரச்னை; மாறாத சட்டத்துக்குள் மாறுகிற ஒரு சொல்லை வைத்துக் கொடுத்தால் அந்தப் பிரச்னை பாதி தீர்ந்துவிடுகிறது. தமிழைப் போலவே விகுதிகளை ஒட்டி ஒட்டிச் சொல்லை நீட்டும் துருக்கி மொழியில் ஒரு தாயின் பேச்சை ஆராய்ந்து 1996-இல் எழுதிய ஐலின் குந்தாயும் டான் ஸ்லோபினும், ஒரே கருத்தைச் சொற்களை மாற்றியும் இடம் பெயர்த்தும் திரும்பத் திரும்பச் சொல்லும் இந்த முறையைத் தனியே எடுத்துக் காட்டினார்கள். அதே ஆண்டில், இரண்டே நிமிஷ நேரம் கேட்ட அர்த்தமற்ற அசைகளின் தொடரிலிருந்துகூட எட்டு மாதக் குழந்தைகள் ‘சொற்களை’ப் பிரித்தெடுத்துவிடுகின்றன என்று ஜென்னி சஃப்ரானும் அவருடைய சகாக்களும் நிரூபித்தார்கள்.

எதுகையும் மோனையும் காதுக்கு அலங்காரம் மாத்திரமே என்று எண்ணுவதும் சரியன்று. ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்டும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கைந்து வயதில் எதுகை மோனைகளைக் காதால் கண்டுகொள்ளும் பிள்ளைகளே பிற்பாடு வாசிப்பதிலும் எழுதுவதிலும் முன்னே நின்றார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகளுக்கென்று எளிய சந்தத்தில் எழுதிக் குவித்த பாட்டுகள், அந்த நோக்கில் பார்த்தால், முதல் வகுப்பு வாசகப் புத்தகத்துக்கு முந்திய வாசகப் புத்தகங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒருவர் கேட்கக்கூடும்: பாட்டுத்தானே வேண்டும், கைப்பேசியில் ஆயிரம் பாட்டு இருக்கிறதே, யூடியூபில் அழகான படத்தோடும் வருகிறதே, அதை வைத்துவிட்டால் போதாதா? மிக நல்ல பெற்றோர்களும், மிகவும் களைத்துப்போன பெற்றோர்களும் கேட்கிற கேள்வி இது; ஆகவே பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டியது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பட்ரீஷியா கூலும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதத்து அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிற ஆசிரியர்கள் தரையில் அமர்ந்து பொம்மை காட்டியும் கதைப்புத்தகம் படித்தும் 12 அமர்வுகள் விளையாடினார்கள். முடிவில் அக்குழந்தைகள் சீன மொழியின் ஒலி பேதங்களை, அந்த மொழியில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கு நிகராகப் பிரித்தறிந்தன. வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆசிரியர்கள், அதே பேச்சு, அதே நேர அளவு, ஆனால் தொலைக்காட்சித் திரையில். அவர்கள் எதையுமே கற்கவில்லை. அதே நகரத்தில் 2016-இல் கிறிஸ்டினா சாவோவும் கூலும் செய்த மற்றோர் ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் பெற்றோர் மடியில் அமர்ந்து மூன்று எண்ணிக்கைத் தாளத்துக்குத் தட்டியும் ஆடியும் விளையாடியதனால், சங்கீதத்தின் கால ஒழுங்கை மட்டுமன்றிப் பேச்சின் கால ஒழுங்கையும் அவர்களுடைய மூளை கூர்மையாக உணரலாயிற்று. கனடாவில் 2012-இல் லாரல் ட்ரெயினர் குழுவினர் வெளியிட்டது நம் கேள்விக்கு நேரான விடை: ஆறு மாத காலம் பெற்றோரோடு சேர்ந்து பாடித் தட்டி விளையாடிய குழந்தைகள், பாட்டைப் பின்னணியில் ஒலிக்கவிட்டு விளையாடிய குழந்தைகளைக் காட்டிலும், சுட்டுதல், கையசைத்தல் முதலிய பேச்சுக்கு முந்திய சைகைகளில் முன்னேறியிருந்தன.

கைப்பேசி குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை. குழந்தை ‘ங்கா’ என்றாலும் சும்மா இருந்தாலும் அது தன் போக்கில் பாடிக்கொண்டே போகும். நண்டு எந்தக் குழந்தையின் முழங்கையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது என்று கூறியிருப்பதைக் கண்ணுக்குக் கெடுதல் என்ற அளவில் மாத்திரம் நம்மவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். திரையின் முன்னால் கழிகிற அரைமணி நேரம், ஒரு மனித முகத்தின் முன்னால் கழிந்திருக்க வேண்டிய அரைமணி நேரம் என்பதே பெரிய நஷ்டம்.

அரசாங்கங்களும் இந்த விஷயத்தில் வழிதவறியது உண்டு. கல்லூரி மாணவர்கள் மோட்ஸார்ட்டின் சங்கீதத்தைச் சற்று நேரம் கேட்டபின் ஒரு தேர்வில் சிறிது அதிக மதிப்பெண் பெற்றார்கள் என்று 1993-இல் ஒரு செய்தி வந்தது. அது சிசுக்களைப் பற்றிய ஆய்வே அன்று. அப்படியிருந்தும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், 1998-இல், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஓர் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் வேண்டுமென்று சட்டசபையைக் கேட்டார். இசைத்தட்டை அனுப்புவது சுலபம். பாடத் தெரிந்த ஓர் ஆளை அனுப்புவதுதான் கஷ்டம். எந்த நாட்டிலும் அதிகாரிகளின் மனம் சுலபமானதையே நாடும் என்பதனால் இந்த உதாரணத்தை நாம் மறக்கக் கூடாது.

‘எனக்குப் பாட வராதே’ என்று கூசுகிற தாய்மாருக்கும், இது பெண்கள் வேலை என்று ஒதுங்கி நிற்கும் தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. குழந்தை சுருதி பேதத்தைக் கண்டு முகம் சுளிக்கப்போவதில்லை. அதற்கு வேண்டியது தெரிந்த குரலும் திரும்பத் திரும்ப வருகிற லயமுமே. சினிமாப் பாட்டானாலும் சரி, கும்மிப் பாட்டானாலும் சரி, குளிப்பாட்டும்போது கைக்கும் காலுக்கும் பெயர் சொல்லிப் பாடுகிற சொந்தக் கற்பனையானாலும் சரி, எதுவும் போதும். எந்த மொழியில் பாடுவது என்ற குழப்பமும் தேவையில்லை. தெலுங்கோ சௌராஷ்டிரமோ படுகமோ இருளர் மொழியோ வீட்டில் வழங்குமானால் அந்த மொழியிலேயே தாய் பாடட்டும். தமிழ் பின்னால் வருவதற்கு அதனால் எந்தத் தடையும் இல்லை. தனக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் குழந்தையோடு பேச முயன்று பேச்சையே சுருக்கிக்கொள்ளும் பெற்றோர்களை நினைத்துத்தான் நான் வருந்துகிறேன். ஜெர்மானிய அறிஞர் ஃப்ரோபெல், கிண்டர்கார்டன் என்னும் பாலர் பள்ளி முறையை உண்டாக்கியவர், 1844-இல் வெளியிட்ட முக்கியமான நூல், தாய் மடியில் வைத்துப் பாடும் பாட்டுகளையும் விரல் விளையாட்டுகளையும் பற்றியது. அவர் தந்த பள்ளிப் பெயரை எல்.கே.ஜி. என்று நாம் எடுத்துக்கொண்டோம். மடியை விட்டுவிட்டு, மூன்று வயதில் எழுத்துப் பயிற்சியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

ஆயினும் குற்றத்தைப் பெற்றோர்மீது சுமத்திவிட்டு விலகிக்கொள்வது அநியாயம். பாடவும் விளையாடவும் காத்திருக்கவும் அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் எல்லாருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம் தருகிறது. வயல் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற தாய்க்கு இவற்றில் எதுவும் நடைமுறையில் கிட்டுவதில்லை. பெண் தொழிலாளர் பலர் உள்ள தொழிற்சாலைகளில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. அந்தக் காப்பகங்களில் பாலும் பாயும் இருக்கின்றனவா என்று பார்க்க வரும் இன்ஸ்பெக்டர், அங்கே குழந்தையோடு பேச ஒருவர் இருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

ஏழைக் குடும்பங்களில் இது ஆகிற காரியமா என்று ஐயுறுகிறவர்களுக்கு ஜமைக்கா விடை சொல்லுகிறது. அத்தீவின் தலைநகரான கிங்ஸ்டனில், போஷாக்குக் குறைந்து வளர்ச்சி குன்றிய 9 முதல் 24 மாதம்வரை வயதுள்ள குழந்தைகளிற் சிலரை சாலி கிரந்தம்-மக்ரெகர் தேர்ந்தெடுத்தார். இரண்டு ஆண்டுக் காலம், வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம், சுகாதார ஊழியர் ஒருவர் அவர்களுடைய வீட்டுக்குப் போய், வீட்டில் தூக்கி எறியும் பொருள்களைக் கொண்டு செய்த பொம்மைகளாலும் பாட்டாலும் தாயும் சேயும் விளையாடுவதற்குக் கற்றுக்கொடுத்தார். அந்த ஊழியர்கள் பட்டதாரிகள் அல்லர், அக்கம்பக்கத்துப் பெண்களே. 1991-இல் முதல் முடிவுகள் வந்தபோதே அக்குழந்தைகளின் அறிவு வளர்ச்சி கண்கூடாக இருந்தது. இருபது ஆண்டு கழித்து அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தபோது, இந்த உதவி பெறாத சகாக்களைக் காட்டிலும் அவர்களுடைய சம்பாத்தியம் 25 சதவீதம் அதிகமாக இருந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

நம்மிடம் இதற்கு வேண்டிய அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தேசமெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டில் மாத்திரம் இன்று 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. குழந்தை பிறந்தது முதல் எடை பார்ப்பது, இணை உணவு கொடுப்பது, தடுப்பூசிக்கு நினைவூட்டுவது என எல்லாம் அங்கே ஒழுங்காக நடக்கின்றன. ஆட்டமும் பாட்டும் மாத்திரம் அந்தக் கூடத்துக்கு நடந்து வரும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மத்திய அரசு 2024-இல் பிறப்பு முதல் மூன்று வயதுவரைக்குமான ‘நவசேதனா’ என்னும் செயல் திட்டத்தை வெளியிட்டு, கைக்குழந்தையோடு பேசுவதும் பாடுவதும் விளையாடுவதும் எப்படி என்று மாதவாரியாக எழுதியும் வைத்திருக்கிறது. ஊழியர் கையில் பதிவேடுகளும் கைப்பேசிச் செயலியும் நிறைந்திருக்க, அந்தப் புத்தகத்தைத் திறக்க நேரம் இல்லை என்பதே கிராமங்களில் நான் கேள்விப்பட்ட குறை.

ஆகவே, புதிய உத்தியோகமோ புதிய கட்டடமோ கேட்காத ஒரு யோசனையைச் சொல்லுகிறேன். நம் மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுகிறார்கள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களிலும், ஒன்பதாம் மாதத்திலும், ஒன்றரை வயதை ஒட்டியும், ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் சுகாதார ஊழியர் கண்ணில் படுகின்றன. அத்தகைய ஒரு புதன்கிழமை, வேப்பமர நிழலில் வரிசையாகப் போட்டிருந்த பெஞ்சுகளில் தாய்மார் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்ட பின் ஒவ்வாமை போன்ற உடனடி விளைவு ஏதேனும் ஏற்படுகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் அவர்களை அங்கேயே இருக்கச் சொல்லுகிறார்கள். அழுகிற குழந்தைகளின் முன்னால் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒரு பெஞ்சில் மாத்திரம், பேரனுக்குத் துணையாக வந்த அம்மாள் ஒருத்தி, ஊசி போட்ட காலைத் தொடாமல், அவன் இரு கைகளையும் பிடித்துச் சேர்த்துத் தட்டி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்து பெஞ்சில் இருந்த இளம் தாய் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, தன் குழந்தையின் கைகளையும் அப்படியே சேர்த்துத் தட்டினாள். அந்த அரைமணி நேரத்தில், ஒவ்வொரு தவணைக்கும் குழந்தையின் வயதுக்கேற்ற ஒரு பாட்டையும் ஒரு விளையாட்டையும் செய்துகாட்டி, தாயையும் உடன் வந்தவரையும் செய்யச் சொல்லிப் பார்த்து அனுப்பினால், ஒன்றரை வயதுக்குள் ஐந்து விளையாட்டுகள் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேரும். அவற்றை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. அந்தந்த ஊர்ப் பாட்டிமார்களைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

இதோடு சேர்த்துச் செய்யவேண்டிய மற்றொன்று செவிப் பரிசோதனை. ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டேனும் கடுமையான காது கேளாமையோடு பிறக்கின்றன. தாலாட்டு எட்டாத அக்குழந்தைகளைச் ‘சமர்த்துக் குழந்தை, சத்தத்துக்கு விழிக்காது’ என்று பாராட்டிக்கொண்டே காலத்தைப் போக்கிவிடுகிறோம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிர்ணயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட காலக்கெடு. கேளாத குழந்தைக்கும் மடி விளையாட்டு உரியதே. சைகை மொழி பேசும் பெற்றோரிடம் வளரும் கேளாத சிசுக்கள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை ஒலிக்கிற பருவத்தில் கையால் மழலை பேசுகின்றன என்று லாரா பெட்டிட்டோ 1991-இல் எடுத்துக் காட்டினார்.

சுகாதாரத் துறையும் சமூக நலத் துறையும் கூடிப் பேசி, வருகிற நிதியாண்டிலேயே ஒரு மாவட்டத்திலாவது இந்தப் புதன்கிழமை ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும். பிரசவ விடுதியிலிருந்து குழந்தை வீடு திரும்புமுன் அதன் செவியைச் சோதித்துப் பார்த்ததற்குத் தாயின் அட்டையில் ஒரு குறிப்பு எழுதித்தர வேண்டும். அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்காமல் விடுதியை விட்டுப் புறப்பட வேண்டாமென்று, வீட்டில் பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் வாசகர்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.